அதுவரைக்கும் பரவால்ல

மூலக்குளத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸ்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். போன வாரம் மரபுத்தொடர்கள் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த பாடம் அது. பலகையில் இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. வேறு எந்த விஷயத்திலும் எனக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் கிடைத்ததில்லை என்பதால் அந்தக் கோட்டை அழுத்தமாகவே போடுவேன்.

அன்றைக்கு வரிசையில் 'கோல்ட் கம்ஃபர்ட்' வந்தது. முன் பெஞ்சில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"ஏசி ரூம்ல சொகமா இருக்கறதா சார்?"

வகுப்பு சிரித்தது. சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே மே மாத வெயில் கொளுத்துகிறது. எங்கள் மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வயிறு குளிர்ந்தது, மனசு குளிர்ந்தது என்று பேசுகிற ஊரில் பிறந்த பெண் வேறு எப்படி யோசிப்பாள்? இது குளிர்தேசத்துக்காரர்கள் பேச்சம்மா என்று ஆரம்பித்தேன். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய அவர்களுடைய பாட்டுகளிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கம்ஃபர்ட் என்றால் மெத்தை போட்ட நாற்காலி இல்லை, துவண்டு போனவனுக்குத் தெம்பு ஏற்றுவது. பனியில் நனைந்து நடுங்கி வருகிறவனை அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் தெம்பு வருமா? அடுப்பு என்னவோ அடுப்புதான், சூடுதான் இல்லை. பேருக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான் இதற்குப் பொருள்.

"அப்ப அது நல்லதா, கெட்டதா சார்?"

கெட்டது என்று எழுதப் பலகைப் பக்கம் திரும்பினேன். சாக்பீஸ் பலகையைத் தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. என் அக்கா வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் வாளி, குடம் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசராக இருந்தார். அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு வாளியையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பொத்தல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலையில் பாதி. அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாண வீட்டில் டம்ளர் கொடுத்தால் அதையும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். லேசாகக் கோணிப்போன வாளிகளைக் கம்பெனியில் செகண்ட்ஸ் என்று தனியாக ஒதுக்குவார்கள். அவற்றில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து எங்கள் உறவில் யார் குடி போனாலும் கொடுப்பார். எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டுக் குளியலறைக்குப் போனாலும் ஒரு வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நிற்கும்.

"கோணலா இருக்கே மாப்ள" என்பார் என் அம்மா.

"ஒழுவல அத்த. அதுவரைக்கும் பரவால்ல."

வாளிக்கு மட்டும் இதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. அவர் எல்லாவற்றுக்கும் சொன்னார். யாருக்காவது ஒரு கெடுதல் நடந்துவிட்டால் முதலில் போய் நிற்கிற ஆள் அவர்தான். போய் நின்று, இடது காது மடலைத் தேய்த்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்ப்பார். பூசை முடிந்து கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் தன் ஜோடியைத் தேடுகிறவர் மாதிரி இருக்கும் அந்தப் பார்வை. அந்தக் கெடுதலுக்குள் கெடாமல் மிச்சம் இருக்கிற ஏதோ ஒரு துளியைக் கண்டுபிடிப்பார். அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வார்.

பக்கத்து வீட்டில் பட்டப்பகலில் கேஸ் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் ஒருத்தன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தாள். மாமா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சோறு வடிச்சப்புறந்தான் தூக்கிட்டுப் போயிருக்கான். அதுவரைக்கும் பரவால்ல."

திட்டு அவர் பக்கம் திரும்பியது. அவர் நகரவில்லை. முழுசாகக் கேட்டுக்கொண்டுவிட்டு, எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்.

எனக்கும் ஒரு பங்கு உண்டு. நிச்சயம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பள்ளிக்கூட வேலை ஒன்று இன்டர்வியூவோடு போய்விட்டது. வீட்டில் ஆளாளுக்குத் தேற்றினார்கள். இதைவிட நல்லது வரும், சாமி ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார் என்றெல்லாம் சொன்னார்கள். மாமா காது மடலைத் தேய்த்தார்.

"இன்டர்வியூக்குன்னு பேன்ட் தெச்சியே மச்சான், இடுப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

"அதுவரைக்கும் பரவால்ல."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் வாழ்க்கையே போயிற்று என்று உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனுஷன் இடுப்பைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் சாமி திறக்கப்போகிற அந்த இன்னொரு கதவு அப்புறம் வரவே இல்லை. பேன்ட் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இந்த மாடிப்படியில் முதல் நாள் ஏறினேன். இடுப்பு சரியாகத்தான் இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அக்காவுக்கு விளங்கவேண்டிய அவசியம் எங்களைவிட அதிகம். அவள் அவரோடு குடும்பம் நடத்தினாள். குழந்தை இல்லை. வீட்டிலேயே மிஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை கரு கலைந்து படுத்திருந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள மழ விட்டுச்சு, நனையாமப் போய்ட்டு வந்துட்டோம்" என்றாராம். அக்கா இதை என்னிடம் சொன்னபோது மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல தம்பி. 'ஒண்ணும் ஆவாது, எல்லாம் சரியாப் போயிடும்'னு ஒரு வார்த்த. ஊர்ல இருக்கற அத்தன ஆம்பளயும் பொண்டாட்டிகிட்ட சொல்றதுதானே. பொய்யாவே இருக்கட்டும். இவரு வாயிலேருந்து ஒரு தடவ வரட்டும், எனக்குப் போதும்."

அவள் அவரிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். புடவை கேட்டதில்லை, ஊர்ப்பயணம் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையை அவர் கொடுக்கவில்லை. மற்றபடி அவளுக்குத் துவைத்துப் போட்டார், தலைவலி என்றால் சமைத்தார், ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுடுகிற கிடங்கில் சூடாக வருகிற நேரம் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

எங்கள் அப்பா இறந்தது புயலுக்கு மறுநாள். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நெடுநாள் ஆகிவிட்டிருந்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே மீன் வாங்கப் போவார். வேறு யார் வாங்கி வந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துக் குறை சொல்வார். என் தம்பி கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்குப் போய்விட்டிருந்தான். எங்கள் ஊரில் இது வழக்கம். வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார், சாவு என்றால் அவர் வந்து முகம் பார்க்கிறவரை ஐஸ் பெட்டி காத்திருக்கும். அம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார், சின்னவன் வந்து பார்க்காமல் தூக்கக் கூடாது என்று.

பெட்டி வந்தது. கரண்ட்தான் இல்லை. தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. சென்னையில் விமானம் இறங்கவில்லை, தம்பி நடுவழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தான். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாரையும் வேறு யாரோ முன்பே அழைத்துப் போயிருந்தார்கள். கண்ணாடி மூடியின் உள்பக்கம் வேர்க்க ஆரம்பித்தது. அம்மா அதைப் புடவைத் தலைப்பால் வெளியிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்தால் போகாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மாமாவைக் காணோம். வெகுநேரம் கழித்து ஒரு குட்டியானை வண்டி, விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. பின்னால் சாக்கு போட்டு மூடிய ஐஸ் கட்டிகள். மீன்பிடித் துறைமுகத்தில் படகு எதுவும் கடலுக்குப் போகாததால் ஐஸ் சும்மா கிடந்திருக்கிறது, கேட்டு வாங்கி வந்துவிட்டார். நாலு பேராக இறக்கி அப்பாவைச் சுற்றி அடுக்கினோம். சிறிது நேரத்தில் வீடு முழுவதும் மீன் வாடை பரவியது. சாக்கிலும் இருந்தது, ஐஸிலும் இருந்தது. வந்திருந்த பெண்கள் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள்.

அம்மா தலையைத் தூக்கினார். "என்னா நாத்தம் இது?"

மாமா ஈரச் சாக்கோடு நின்றுகொண்டிருந்தார். கை காதுக்குப் போவதை நான் பார்த்தேன். வேண்டாம் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மாமாவுக்குப் புடிச்ச வாசனதான் அத்த. அதுவரைக்கும் பரவால்ல."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"வெளிய போங்க மாப்ள" என்றார் அம்மா.

போய்விட்டார். தெருவில் விழுந்து கிடந்த வேப்பமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஆனால் ஐஸ் கரையக் கரைய, பின்பக்கமாக வந்து யார் முகத்தையும் பார்க்காமல் புதுக் கட்டியை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பிற்பகல் தம்பி வந்தான். அப்பாவின் முகம் முகமாகவே இருந்தது. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தவன் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான்.

"அம்மா, அப்பா வாசனயே வருதும்மா" என்று அழுதான். நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. யாரும் அவனிடம் எதையும் விளக்கவும் இல்லை.

அம்மா அதற்கப்புறமும் மாமாவோடு பேசவில்லை. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வருஷப் பூசை வந்தது. சாப்பாட்டுக்கு வந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், புயல் நேரத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீர்களே என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்.

"கஷ்டந்தான். ஆனா அவருக்குப் புடிச்ச வாசனயோடதான் போனாரு" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவைப் பார்த்தேன். அவர் பந்தியில் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அது மாமா சொன்னதுதானே, அதற்குத்தானே அவரை வெளியே போகச் சொன்னாய் என்று. "அவரு சொன்ன நேரம் அப்பிடி" என்றுவிட்டு அம்மா மோர் ஊற்றப் போய்விட்டார். நேரம் எப்படி ஒரு வார்த்தையை மாற்றும் என்று இலக்கண வாத்தியாரான எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய வியாதி, பெயரைச் சொல்ல வீட்டில் எல்லாரும் பயந்தார்கள். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒண்ணும் ஆகாது என்றார்கள். பங்குச் சாமியார் சொன்னார், நர்ஸ் சொன்னாள், நானும் சொன்னேன். அக்கா எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு மாமாவைப் பார்ப்பாள். மாமா வார்டைச் சுற்றிப் பார்ப்பார்.

"கட்டில் ஜன்னலோரமா கெடச்சிருக்கு. அதுவரைக்கும் பரவால்ல."

இன்னொரு நாள், "மாத்தர சின்னதா இருக்கு, தொண்டைல சிக்காது."

மருந்து ஏற்ற ஏற்ற அக்காவுக்கு முடி கொட்டியது. நீளமான முடி. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, அது காயாமல், ரவிக்கை முதுகு நனைய நனையக் கோயிலுக்குக் கடைசி ஆளாக ஓடுவாள். தலையணையில் கிடந்த முடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். இப்போதாவது சொல்லுவார் என்று நான் வாசலில் நின்று காத்திருந்தேன்.

"இனிமே ஈரத்தலையோட ஓட வேணாம்" என்றார் மாமா.

அக்கா கையில் கிடைத்த டவலைத் தூக்கி அவர் மேல் வீசினாள். எனக்கும் அந்த நிமிஷம் அவரைப் பிடிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன் மாமா, 'ஒண்ணும் ஆவாது'ன்னு ஒரு வார்த்த சொன்னா என்னா? அவ அது ஒண்ணத்தானே கேக்கறா? உங்க வாய்லேருந்து முத்தா கொட்டிடும்?"

அவர் டீ கிளாசை வழக்கம்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆவுமா ஆவாதான்னு எனக்கு எப்புடி மச்சான் தெரியும்? தெரியாதத சொன்னா அவ நம்பிடுவா. நான் சொல்றத அவ நம்புவா."

"நம்பட்டுமே."

"நம்பி, அப்புறம் ஆயிடுச்சுன்னா?"

அன்பு இருக்கிற ஆள் இப்படிக் கணக்குப் பார்ப்பாரா என்று ஒரு பக்கம் கோபம். இவ்வளவு பயப்படுகிற ஆளுக்கு அன்பு இல்லை என்று எப்படிச் சொல்வது என்று இன்னொரு பக்கம் குழப்பம். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் தெம்பாக இருந்தாள் என்று அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தலையில் துணி கட்டியிருந்தாள். மணி அடிப்பதற்கு முன்பே முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, தாமதமாக வந்த என்னைத் திரும்பிப் பார்த்து, தலைத்துணியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். டவலை வீசியவளும் இவள்தான்.

மருந்தெல்லாம் முடிந்து மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மாமாவையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னார். பரவிவிட்டது, இதற்குமேல் மருந்து ஏற்றி உடம்பைப் படுத்த வேண்டாம், வீட்டுக்கு அழைத்துப் போங்கள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். டாக்டர் போன பிறகு மாமா ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுத்தார். வராந்தா ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். வாளியில் பொத்தல் பார்க்கிற அதே மாதிரி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். அதில் என்ன தெரியும் அவருக்கு? எனக்கும்தான் என்ன தெரியும்? படத்தை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

அக்கா உட்கார்ந்து தலைத்துணியை முடிந்துகொண்டிருந்தாள். மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். காதைத் தொடவில்லை. வார்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவாது" என்றார். "எல்லாம் சரியாப் போயிடும்."

நல்ல குரலில், திருத்தமாகச் சொன்னார். எந்தக் கணவன் சொல்வதைவிடவும் நன்றாகவே சொன்னார்.

அக்காவின் கை முடிச்சிலேயே நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, டாக்டரு என்னாடா சொன்னாரு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி" என்றாள்.

முடிச்சைப் போட்டு முடித்தாள். பிறகு அவள் சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தாள். ஜன்னலை, மருந்து அலமாரியை, பக்கத்துக் கட்டிலை, மாமாவின் சட்டையை. இந்தத் தேடலை நான் இதற்கு முன்பு ஒரே ஒரு ஆளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"இன்னிக்கு உங்களுக்கு வார லீவுதானே. இதுக்குன்னு லீவு போட வேணாம்" என்றாள். "அதுவரைக்கும் பரவால்ல."

மாமா அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. அக்கா அவர் தலையைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்கவும் தெரியவில்லை, வெளியே போகவும் தெரியவில்லை. என்ன கொடுமை இது! வாழ்நாள் பூராவும் கேட்ட வார்த்தை வந்துவிட்டது. வந்ததும் அதன் பொருளைப் படித்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாமா மெல்லக் கேட்டார்.

"எத்தன வருஷமாக் கேட்டா. அதான் குடுத்தேன். குடுத்திருக்கக் கூடாதா மச்சான்?"

தெரியவில்லை மாமா என்று சொன்னேன். அது உண்மைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த நர்ஸ் பெண்ணுக்கும் பதில் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று பலகையை அழித்துவிட்டேன். கோல்ட் கம்ஃபர்ட்டுக்கு எதிரே வலது பக்கம் அவர்கள் நோட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கும். இப்போது மாமா காரைக்காலில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். போனில் கூப்பிட்டால் நல்லா இருக்கேன் என்பார், அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.

அக்கா போன அன்றைக்கும் இதே மாதிரி வெயில். கூடத்தில் ஐஸ் பெட்டி. தம்பிக்காகக் காத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் பெரிய பெரிய வார்த்தையாகச் சொன்னார்கள். வலியிலிருந்து விடுதலை என்றார்கள், ஆண்டவர் மடியில் தூங்குகிறாள் என்றார்கள். மாமா பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அம்மா. மகளை முன்னால் வைத்துக்கொண்டு அம்மா அழக்கூட இல்லை.

மாமாவின் கை காதுக்குப் போயிற்று. மடலைத் தேய்த்துக்கொண்டே பார்த்தார். கூரையை, சுவரை, தையல் மிஷினை, வாசலில் நின்றவர்களை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். அவர் தேடி ஒன்றும் கிடைக்காமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கை காதிலேயே இருந்தது. பார்க்க முடியவில்லை எனக்கு. நானும் அவரைப்போலவே அந்தக் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வேர்க்காமல் தெளிவாக இருந்தது.

"மாமா" என்றேன். "காலைலேருந்து கரண்ட் போவல மாமா."

அவர் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா மச்சான், போவல" என்றார். "அதுவரைக்கும்…"

மேலே வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. இன்னொரு தடவை, "அதுவரைக்கும்…" என்றார்.

அம்மா பெட்டியின் மேலாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவால்ல மாப்ள" என்றார்.